வெரோனிகா அக்காவின் திரி

9.1.2024, செவ்வாய்

காலையில் ரத்த அழுத்தம் 158/94. எனக்கு. அக்காவுக்கு 112/70. நோயாளி அவள், கொதிப்பு எனக்கு.

இன்றைக்கும் கேட்டுப் பார்த்தேன். இன்றைக்கும் "வேணாம்டா" என்றுவிட்டாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. நெஞ்சைப் பிளக்க வேண்டாம், தொடையில் ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடலாம், ஆனால் பிப்ரவரி முடிவதற்குள் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று டாக்டர் நவம்பரிலேயே சொல்லிவிட்டார். அக்கா அப்போது சரி என்று தலையாட்டியவள்தான். டிசம்பரில் புயல் வந்து போனது, இவள் மனசும் மாறிவிட்டது. ஒரே ஒரு கையெழுத்து. நாற்பது வருஷம் பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டில் போட்ட கையெழுத்து. அதை இந்தக் காகிதத்தில் போட மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் "போதும்" என்கிறாள்.

புது வருஷ நோட்டு என்பதால் முறையாக எழுதிவைக்கிறேன். என் மனைவி ஹில்டா போன பிறகு, 2011இலிருந்து, கச்சேரி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அக்காவின் இந்த மாடி வீட்டில்தான் இருக்கிறேன். அவளுக்கு எழுபத்து நான்கு, எனக்கு அறுபத்தாறு. தபால் இலாகா பென்ஷன்காரன். இந்த வயதிலும் அவள் டீச்சர், நான் பெஞ்சு மேல் நிற்கிறவன். அவள் இல்லாமல் போனால்... எழுத மாட்டேன்.

என் கொதிப்பு விஷயம் அக்காவுக்குத் தெரியாது. நவம்பரில் அவளை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டிருக்கிறார். என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். 180. உப்பு, ஊறுகாய், கருவாடு எல்லாம் நிறுத்து என்றார். அக்காவிடம் சொன்னால் அன்று மாலையே நிறுத்திவிடுவாள். அதனால் அவளுக்குப் பார்க்கிற மெஷினைக் குளியலறையில் ஒளித்துவைத்து எனக்கும் பார்த்துக்கொள்கிறேன்.

10.1.2024, புதன்

ஒன்று எழுத வேண்டும். எழுதலாமா? அக்கா இந்த நோட்டைத் தொட மாட்டாள். பிறத்தியார் கடிதத்தைப் படிப்பது பாவம் என்று தபால்காரனுக்கே பாடம் எடுத்தவள்.

டிசம்பர் நாலாம் தேதி அக்காவின் திரியை எரித்துத் தீர்த்துவிட்டேன்.

11.1.2024, வியாழன்

நேற்று ஒரு வரி எழுதிவிட்டு நோட்டை மூடியவன் தூங்கவில்லை. மிச்சத்தையும் எழுதித் தொலைக்கிறேன்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஒரு மெழுகுதிரியை ஏற்றிக் கொடுப்பார்கள். முக்கால்வாசி வீடுகளில் பிரியாணி பரிமாறி முடிப்பதற்குள் அது தொலைந்துபோகும். என்னுடையது அப்படித்தான் போனது. அக்காவுடையதை அம்மா ஒரு தகர டப்பாவில் துணி சுற்றிப் பத்திரப்படுத்தினாள், அம்மாவுக்குப் பிறகு அக்கா. நீலத் துணி. கட்டைவிரல் பருமன் திரி. வருஷத்தில் இரண்டே தடவை டப்பாவைத் திறப்பாள்: பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுதிரித் திருநாளுக்கு, அப்புறம் ஈஸ்டர் பூசைக்கு. கோயிலில் இரண்டு நிமிஷம் எரியும், அணைத்துத் துணியைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். நானறிந்து வேறு எதற்கும் அதை எடுத்ததில்லை. அதற்கென்று கடைசியாக ஒரு வேலை மிச்சம் இருந்தது.

"நான் போற நேரம் இதை ஏத்தி என் கையில பிடிச்சுக் குடுடா. எப்படி வந்தேனோ அப்படிப் போகணும்."

வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஐம்பது தடவை இருக்கும்.

அந்தப் புயலன்று தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போய்விட்டது, போன் செத்துவிட்டது, டார்ச்சும் மினுக்கி மினுக்கி அடங்கிவிட்டது. இருட்டில் அக்காவுக்கு மூச்சு முட்டியது. மாத்திரையைத் தேட வெளிச்சம் வேண்டும். பீரோவுக்குள் கையை விட்டேன். டப்பா. துணி. திரி. ஏற்றினேன். அது எந்தத் திரி என்று அப்போது தெரியவில்லை. நிஜமாகவா, ஸ்தனிஸ்லாஸ்? துணியைப் பிரித்த கைக்குத் தெரிந்திருக்காதா? தெரியவில்லை. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை கொடுத்தேன். பிறகும் பயம் விடவில்லை, திரியைத் தட்டோடு கையில் பிடித்துக்கொண்டு அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். விடிந்தபோது தட்டில் மெழுகுதான் இருந்தது. அப்போதுதான் கீழே கிடந்த நீலத் துணி கண்ணில் பட்டது. அக்கா கண் விழித்துக் காபி கேட்டாள். நான் துணியை அள்ளிக் காலி டப்பாவுக்குள் திணித்து, பீரோவைச் சாத்திவிட்டுப் பால் காய்ச்சப் போனேன்.

14.1.2024, ஞாயிறு. போகி

ஊரே பழசைக் கழிக்கிறது, சரி. அக்கா கழிப்பது பழசை அல்ல.

சமையலுக்கு வரும் தேவானை கையில் பட்டுப்புடவையோடு என்னிடம் வந்து நின்றாள். "சார், டீச்சரம்மா இத்த எனக்குக் குட்த்துட்டாங்கோ. புள்ள கண்ணாலத்துக்குக் கட்டிக்கோன்றாங்கோ. இன்னா சார் இது? ஒடம்புக்கு எதுனா கீதா?"

இதே மாடியில் எதிர் வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி முகம் இன்னும் மோசம். அக்காவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருதம் எடுத்தவர். "நேத்திக்கு நம்மாத்துக்கு வந்து தமிழ் அகராதியை வச்சுட்டுப் போறா. மூணு வால்யூம். யாருக்கும் இரவல்கூடக் குடுக்க மாட்டா. என்ன ஸ்தனிஸ்லாஸ், டாக்டர் ஏதாவது சொன்னாரா? என்னண்ட மறைக்காதீங்கோ."

டாக்டர் சொன்னது ஆபரேஷன் பண்ணினால் பிழைப்பாள் என்றுதானே? கண்ணாடிக்கு லென்ஸ் மாற்ற வேண்டும் என்று அக்டோபரில் என்னைப் பிடுங்கி எடுத்தாள். இன்று, வா போகலாம் என்றேன். "இனிமே எதுக்கு" என்றாள்.

18.1.2024, வியாழன்

திரி வேட்டை. கோயில் வாசல் கடையில் எல்லாம் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெள்ளை வெளேர். தங்கக் காகிதம் ஒட்டியது, ரோஜாப்பூ ஒட்டியது. அக்காவின் திரி பழைய பல் நிறம். தி. நகரில் பாத்திரக்கடைகளுக்கு நடுவே ஒரு பூஜை சாமான் கடையில் அதே பருமனில் ஒன்று கிடைத்தது. அதுவும் வெள்ளைதான். கடைக்காரர் ஹஸன் பாய் நான் திரும்பத் திரும்ப வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைக் கண்டு, "தங்கமா பாக்குறீங்க, மெழுகுதான் பெரியவரே" என்றார்.

மஞ்சள் தூளை எண்ணெயில் குழைத்துத் தடவி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் வெயிலில் வைத்தேன். மாமி துணி எடுக்க வந்துவிட்டார். "என்ன காயப்போடறேள்? வடாமா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன்! ஒற்றை வடாம்! மாமி துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சாயந்திரம் பார்த்தால் திரி முருங்கைக்காய் மாதிரி வளைந்திருக்கிறது. மஞ்சளும் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது. காமாலை வந்த திரி.

இதைக் கொண்டா எழுபத்து நாலு வருஷத்துத் திரி என்று அவளை ஏமாற்றப்போகிறேன்? கையெழுத்தைப் பார்த்தே எந்தப் பிள்ளை காப்பியடித்தது என்று கண்டுபிடிக்கிறவளை?

22.1.2024, திங்கள்

இன்னும் பதினோரு நாள். பிப்ரவரி இரண்டாம் தேதி அவள் டப்பாவைத் திறப்பாள்.

26.1.2024, வெள்ளி

கரோல் வந்தாள். இறந்துபோன என் தம்பியின் மகள், அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆபரேஷனுக்கு நாள் வாங்கி வைத்திருப்பவள் அவள்தான்.

"பிப்ரவரி பத்தொம்போது பெரியப்பா. நாலாம் தேதிக்குள்ள அத்தை கையெழுத்து வேணும். இல்லன்னா அந்த நாளை வேற பேஷன்ட்டுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் ஏப்ரல்தான்." குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "ஏப்ரல் வரைக்கும் அத்தைக்குத் தாங்காது."

உள்ளே போய் அக்காவோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினாள். அழுகிற குரல் கேட்டது, அழுதது கரோல். கடைசியில் அக்கா சொன்னது எனக்குக் கூடத்தில் தெளிவாகக் கேட்டது.

"ஏன் வேணாங்கிறேன்னு உங்க பெரியப்பாவைக் கேளு. அவனுக்குத் தெரியும்."

கரோல் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? அக்காவுக்குத் திரி விஷயம் தெரிந்துவிட்டதா? தெரிந்தால் திட்டித் தீர்க்க வேண்டியதுதானே, ஆபரேஷனை எதற்கு வேண்டாம் என்கிறாள்? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

172/100.

28.1.2024, ஞாயிறு

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதர் லாய்ட் எனக்கு மகன் வயது. எல்லாவற்றையும் சொன்னேன், வடாம் பொய் உட்பட. அவர் சிரித்துவிட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியார் சிரிக்கலாமா?

"எரிச்சது பாவமே இல்லைங்க. திரி எரியறதுக்குத்தானே. ஒளிச்சு வச்சீங்களே, அதுதான். அக்காகிட்ட சொல்லிடுங்க. அதான் உங்களுக்கு அபராதம்."

"வேற ஏதாவது குடுங்க ஃபாதர். முப்பது ஜெபமாலை சொல்றேன்."

"பேரம் பேசாதீங்க" என்றார்.

பூசைப் பிரசங்கத்தில் அவரே, மெழுகுதிரி தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தருகிறது என்று ஆரம்பித்தார். பக்கத்தில் அக்கா உச்சுக் கொட்டினாள். அவள் வகுப்பில் எந்தப் பிள்ளை கட்டுரையை அப்படி ஆரம்பித்தாலும் சிவப்பு மையில் ஒரு அடி. "உருகறது மெழுகோட குணம். அதுல என்ன தியாகம்? அது தானா பத்திக்கல, இன்னொருத்தர் ஏத்திக் குடுத்தாங்க. அணையறதுக்குள்ள அடுத்த திரிக்குக் குடுக்கணும். அவ்ளோதான் விஷயம்" என்பாள். எனக்கு வீட்டிலேயே நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

நாளைக்குச் சொல்கிறேன்.

29.1.2024

நாளைக்கு.

30.1.2024

கருவாட்டுக் குழம்பு. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். சொல்லவில்லை.

1.2.2024, வியாழன்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

மத்தியானம் அக்கா தூங்கும் நேரம். சொல்லத் துணிச்சல் இல்லாத கோழை என்ன செய்வான்? காமாலைத் திரியை எடுத்துக்கொண்டு பீரோவைத் திறந்தேன். டப்பாவுக்குள் துணி நான் அள்ளித் திணித்தபடி இல்லை. நாலாக மடித்து வைத்திருந்தது. அதன் அடியில் ஒரு தாள். எப்போதும் திரியைச் சுற்றியிருக்கும் தாள்தான், அன்றைக்கு இருட்டில் துணியோடு நழுவியிருக்கும். நான் இதுவரை அதைப் பிரித்துப் படித்ததே இல்லை. திரி ஏற்றிய நாள்களை எழுதிவைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு வரி அம்மாவின் எழுத்து, மற்றதெல்லாம் அக்காவுடையது. வழக்கமான திருநாள்கள் அதில் இல்லை.

12.6.1949, ஞானஸ்நானம். 1957, புதுநன்மை. 1974, அம்மாவுக்கு. 1988, அப்பாவுக்கு. 26.12.2004, கடற்கரையில். 17.8.2011, ஹில்டாவுக்கு. 2019, தம்பிக்கு.

புதுநன்மை என்கிற முதல் நற்கருணைக்குப் பிறகு எல்லாம் சாவு நேரங்கள். கடற்கரையில் என்றால் சுனாமி. அன்று நொச்சிக்குப்பம் மணலில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தவர்கள் யார், எந்தச் சாமியைக் கும்பிட்டவர்கள் என்று அவள் கேட்டிருக்க மாட்டாள்.

ஹில்டாவுக்கு. எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாகத் தெரியாது. அவள் போன அன்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டுகிறேன் என்று நான் தெருமுனையில் போய் நின்றுகொண்டேன். வழிகாட்ட ஒன்றும் இல்லை, உள்ளே இருக்கப் பயம். உள்ளே அக்கா தன் திரியை ஏற்றி என் ஹில்டாவின் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் அங்கே இல்லாதது எனக்கு உறைக்கும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன்.

கடைசி வரி புது மை.

4.12.2023, எனக்கு. ஸ்தனிஸ் ஏற்றினான்.

அதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் வருஷக் கடைசியில் போடுவாளே, அந்த இரட்டைக் கோடு.

எனக்கு. எனக்கு என்று எழுதியிருக்கிறாள்! இவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அப்புறம்தான் மண்டையில் ஏறியது. நவம்பரில் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் வெளுத்துப்போய் வெளியே வந்தேன், என்னடா சொன்னார் என்றதற்கு ஒன்றுமில்லை என்றேன். அடுத்த வாரம் அவளுக்கு மூச்சு முட்டுகிறது, நான் அந்தத் திரியை ஏற்றிக்கொண்டு தலைமாட்டில் உட்காருகிறேன். அவள் என்ன நினைப்பாள்? ஐயோ, அவள் வேறு என்னதான் நினைப்பாள்?

புடவை, அகராதி, கண்ணாடி. "அவனுக்குத் தெரியும்."

கொன்றுகொண்டிருப்பது வால்வு இல்லை. நான்.

2.2.2024, வெள்ளி

சாயந்திரப் பூசைக்குக் கிளம்பினோம். நான் டப்பாவைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். "அது வேணாம்" என்று சொல்லிவிட்டு வாசலில் ஒரு சின்னத் திரி வாங்கிக்கொண்டாள். கோயில் முற்றத்தில் எல்லோரும் திரியைப் பிடித்து நிற்க, ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். ஏற்றிக்கொண்டு வரிசையாக உள்ளே போனோம். அக்கா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஐந்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று நடந்தாள்.

வாசகம், கிழவர் சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் வாங்கிக்கொண்டு, பார்த்துவிட்டேன், இனி நிம்மதியாகப் போகிறேன் என்கிற இடம். அக்கா தலையை ஆட்டினாள். அவ்வளவு சாந்தமாக.

பூசை முடிந்ததும் வெளியே சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"அக்கா, நவம்பர்ல டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டாரே..."

"சொல்லாதடா. தெரியும்."

"என்ன தெரியும்?"

"நாள் இல்லன்னு சொல்லியிருப்பார். நீ செத்தவன் மாதிரி வெளியே வந்தே. அப்புறம் புயல். கண்ணைத் திறந்து பார்த்தா நீ என் திரியோட உக்காந்திருக்கே. சரி, இதான் நேரம் போலன்னு கண்ணை மூடிக்கிட்டேன். பாவசங்கீர்த்தன மந்திரம்கூடச் சொல்லி முடிச்சுட்டேன். ராத்திரி முழுக்க ரெடியா இருந்தேன்டா. விடிஞ்சுடுச்சு. என்ன பண்றது, காபி கேட்டேன்."

மொத்தத்தையும் கொட்டிவிட்டேன்.

"அக்கா, டாக்டர் எனக்கு பி.பி. பார்த்தாரு. எனக்கு. நூத்தி எண்பது. கருவாடு சாப்பிடாதேன்னாரு. உன்கிட்ட சொன்னா நிறுத்திடுவேன்னு சொல்லல."

"திரி?"

"டார்ச் செத்துப்போச்சு. மாத்திரை தேடறதுக்குக் கையில கிடைச்சதை ஏத்துனேன். உன் திரின்னு காலையிலதான் தெரிஞ்சுது. உன்னைப் பத்தி டாக்டர் அன்னைக்கும் அதேதான் சொன்னார், ஆபரேஷன் பண்ணா நல்லா இருப்பேன்னு. வேற ஒண்ணுமே சொல்லல அக்கா. மாதா மேல சத்தியமா."

அக்கா கையில் இருந்த சின்னத் திரியின் மெழுகை நகத்தால் சுரண்டினாள். சிரிப்பாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"கருவாட்டுக்காக என்னை ரெண்டு மாசம் சாகடிச்சிருக்கே" என்றாள்.

ஆட்டோவில் வீடு வரும்வரை அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

3.2.2024, சனி

பேசவில்லை. தேவானையிடம் மட்டும் பேசுகிறாள். மத்தியானம் தட்டில் உப்பில்லாத கீரை, உப்பில்லாத ரசம். தேவானை தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா சார் பண்ணி வச்சீங்கோ? வூட்ல கருவாட்டுப் பேச்சே எடுக்கக்கூடாதுன்ட்டாங்கோ டீச்சரம்மா!"

நாளைதான் கடைசி நாள். கேட்க வாயெடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

4.2.2024, ஞாயிறு

கரோல் காகிதத்தோடு வந்தாள். அக்கா மேஜை முன் உட்கார்ந்து, பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லாப் பக்கத்தையும் படித்து, இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.

பிறகு முதல் வார்த்தையாக என்னிடம், "மெஷினை பாத்ரூம்லேருந்து எடுத்து வெளிய வை."

18.2.2024, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் அனுமதித்துவிட்டார்கள். நாளைக் காலை.

இத்தனை நாள் அவள் வேண்டாம் என்கிறாளே என்று பதைத்தேன். இப்போது அவள் சரி என்றதுதான் பதைக்க வைக்கிறது. அவளைச் சம்மதிக்க வைத்தது நான். ஏதாவது ஆகிவிட்டால்? அவள் திரியும் இல்லை. இருந்தாலும் உள்ளே நெருப்புக் கூடாது, ஆக்சிஜன் இருக்கும் என்று கரோல் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். காமாலைத் திரியைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெரோனிகா டீச்சர்!

"அந்த ரெண்டு மாசமும் எனக்குப் பயமா இருந்ததுடா. உன்கிட்ட கேக்கவும் பயம்."

எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். இருவரும் இதை ஒருவருக்கொருவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

19.2.2024, திங்கள்

8.10. உள்ளே கொண்டுபோனார்கள்.

9.00. ஒன்றும் சொல்லவில்லை.

9.20. ஜெயலக்ஷ்மி மாமி போன். "கபாலி கோவில்ல நெய் விளக்கு ஏத்திண்டு இப்போதான் வரேன். நீங்க ஏதாவது சாப்டேளா?" தேவானை நேற்றே பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போய் ஒரு பாக்கெட் திரி முழுவதும் ஏற்றிவிட்டு வந்தாளாம். எங்கள் மூவரில் நெருப்பு ஏற்றாமல் உட்கார்ந்திருப்பவன் நான்தான்.

9.50. ஏன் இவ்வளவு நேரம்? கரோல் ஒன்றரை மணி நேரம் என்றாளே. ஒன்றரை தாண்டிவிட்டது.

10.15. பைக்குள் கையை விட்டுத் திரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என் கைச்சூட்டில் அது இளகி விரல் பதிந்துவிட்டது.

10.40. கதவு திறந்தது. யாரோ ஒருவர் ட்ரேயோடு. நமக்கில்லை.

11.05. கரோல் வந்தாள். முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. எழுத முடியவில்லை, கண் மறைக்கிறது. நல்லபடியாக. நல்லபடியாக.

20.2.2024, செவ்வாய்

பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். மூச்சு சத்தமே இல்லை, நானே குனிந்து மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். கண் திறந்தாள். என் பையிலிருந்து எட்டிப் பார்த்ததைத்தான் முதலில் பார்த்தாள்.

"என்னடா அது, மஞ்சக் காமாலை?"

சொன்னேன். வெயிலில் வைத்தது, வடாம், எல்லாம். சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் ஓடிவந்தார்.

31.3.2024, ஞாயிறு. ஈஸ்டர்

கூட்டத்துக்கு அக்காவை அனுப்ப மாட்டேன் என்று கரோல் உத்தரவு. மாமி துணைக்கு இருக்க, நேற்று இரவுப் பூசைக்கு நான் மட்டும் போனேன். இரண்டு திரி வாங்கிக்கொண்டேன், கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக. விளக்கெல்லாம் அணைத்து, வெளியே நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரி என்கிற பெரிய ஈஸ்டர் திரியை ஏற்றி ஃபாதர் உள்ளே கொண்டுவந்தார். அங்கிருந்து ஒவ்வொருவர் கையாக வந்தது. எனக்குக் கொடுத்த பெண் யாரென்று தெரியாது, என்னிடமிருந்து வாங்கிய ஆளையும் தெரியாது. இரண்டு கையிலும் இரண்டு திரி. பக்கத்தில் நின்ற பெரியவர், "உங்களுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?" என்றார். "ஒண்ணு எங்க அக்காவுக்கு, வீட்ல இருக்காங்க" என்றேன். இருக்காங்க என்று இன்னொரு தடவையும் சொன்னேன். மெழுகு விரலில் சொட்டியதுகூட வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

இன்று காலை அக்கா புதுக் கண்ணாடியோடு மேஜையில் உட்கார்ந்து டப்பாவைக் கொண்டுவரச் சொன்னாள். தாளை எடுத்தாள். சிவப்பு மைப் பேனாவால் "எனக்கு" என்பதை அடித்துவிட்டு மேலே "மின்வெட்டு" என்று எழுதினாள். "ஸ்தனிஸ் ஏற்றினான்" என்பதை அடிக்கவில்லை. இரட்டைக் கோட்டின் மேல் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன் கீழே இன்றைய தேதி. பிறகு இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து, தலைப்பில் என் பெயரை எழுதி, இரண்டாவது திரியைச் சுற்றினாள். எனக்கென்று ஒரு திரி. அறுபத்தாறு வயதில்.

நீலத் துணி இரண்டுக்கும் போதவில்லை. தேவானையிடமிருந்து பட்டுப்புடவையைத் திருப்பி வாங்குவதா என்று கேட்டேன், முறைத்தாள். மாமி அகராதியைத் தானாகவே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

காமாலைத் திரி சமையலறை ஜன்னலில் கிடக்கிறது. அதில் ஒரு சீட்டு ஒட்டி, கொட்டை எழுத்தில் "கரண்ட் போனால் இது" என்று எழுதியிருக்கிறாள்.

"நம்ம ரெண்டு பேர்ல யார் முன்னாடி போறாங்களோ, மத்தவங்க ஏத்தணும். சரியா?"

"சரி அக்கா."

"நல்லாப் பார்த்து ஏத்து. கரண்ட் இருக்கும்போது."

சரி என்றேன். ஐம்பத்தோராவது தடவை.